பதிவு முழுமையடையவில்லை

தலை முழுக்க நுரையோடு நிற்கையில்
குழாய் ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்தது.
திபிலிசி, கல்தானிப் பகுதி, ஒன்பது மாடிக் கட்டடம்.
எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

எல்லார் வீட்டிலும் வாளிகள் நிறைந்திருந்தன.
ஒன்றைக் கொடுத்தபடி கீவி சொன்னான்:
"நேற்றே போட்டிருந்தோமே, லமாரா."
எங்கே?
முன்பெல்லாம் லிஃப்ட் கதவில் ஒட்டுவார்கள்.
இப்போது அங்கே பசைத் தழும்புகள்.
"அதில் சேர்ந்துவிடு. காசில்லை. இரண்டே நிமிடம்."

எங்கள் லிஃப்டுக்கே நாணயம் போட வேண்டும்,
இறங்க அல்ல, ஏற.
காசில்லை என்றால்
மருந்துக்கடைக்காரிக்குச் சந்தேகம் வரும்.
இலவச மாத்திரையோடு வருகிறவனை
நான் உட்காரச் சொல்வதில்லை.

இரவுப் பணி. கடையில் ஆளில்லை.
இருமல் மருந்துகளுக்குக் கீழே உட்கார்ந்து
ஃபோனை எடுத்தேன்.

பெயர் கேட்டது. கொடுத்தேன்.
பிறந்த ஆண்டு கேட்டது.
ஆண்டுகளை ஒரு சக்கரத்தில் ஏற்றியிருந்தார்கள்.
உருட்டினேன்:
மகன் போலந்துக்குப் போன ஆண்டு,
விளக்கே எரியாத அந்தக் குளிர்காலங்கள்,
மண்ணெண்ணெய் வரிசை,
தபால் நிலையத்தைப் பார்த்துத் திரும்பி நின்ற டாங்கி,
எல்லாம் சத்தமின்றிக்
கட்டைவிரலுக்கு அடியில் ஓடிப்போயின.
எழுபத்தொன்றில் நிறுத்தினேன்.
கை நடுங்கி எழுபதாகிவிட்டது.
விட்டுவிட்டேன். ஒரு வயது கூடிப் போகட்டும்.

நீ மனிதர்தானா என்றது.
படிக்கட்டு உள்ள படங்களைத் தொடு என்றது.
வாளியோடு ஏறி வந்த முழங்காலை
அதனிடம் காட்ட வழியில்லை.
தொட்டேன். ஓர் ஏணியையும் தொட்டேன்.
மறுபடி முயலச் சொன்னது.

பிறகு,
உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்:
பல் மருத்துவர்.
பகல் பணியில் இருக்கும் நுத்சா.
மூன்றாவது வட்டத்தில் ஓத்தார்.

பதினெட்டு ஆண்டுகள்.
குத்தாயிசி வீட்டை விற்ற பணத்தில்
இரண்டாயிரம் லாரி குறைந்தது,
அல்லது குறையவில்லை.
அவன் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை.
இந்தக் கண்ணாடித் துண்டுக்கு யார் சொன்னது?
முடி வெளுத்துவிட்டது.
காது மட்டும் இன்னும் அப்பாவுடையது.
கீழே நீலப் பொத்தான்: நண்பராகச் சேர்.

பேசாத அண்ணன் என்று
அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.
விரலை அவன் முகத்துக்கு மேலே பிடித்தேன், படாமல்.
ஒரு மயிரிழை.
இவ்வளவு பக்கத்திலா இருந்தாய்

கதவு மணி அடித்தது.
குழந்தைக்குக் காய்ச்சல் என்றான் ஒருவன்.
வயதைச் சொன்னான். எடையைக் கேட்டேன்.
அவன் போனபோது
திரை இருண்டிருந்தது.

காலையில்
பழைய ரசீது ஒன்றின் முதுகில் எழுதி
லிஃப்ட் கதவில் ஒட்டினேன்:
தண்ணீர் நிற்கப்போகிறது என்றால்
முப்பத்தாறாம் கதவைத் தட்டுங்கள். லமாரா.

மாலைக்குள் அடியில் வேறொரு பேனா:
மஞ்சள் பூனை யாருடையது?
அதற்கும் கீழே: என்னுடையதல்ல,
ஆனால் நான்தான் தீனி போடுகிறேன்.
மறுநாள்: மூன்றாம் மாடிப் பியானோ,
பத்து மணிக்கு மேல் தயவுசெய்து வேண்டாம்.
யாரோ ஒரு கட்டைவிரலை வரைந்திருந்தார்கள்.
என் வரிக்கா பூனைக்கா என்று
கதவு இருமுறை திறந்து மூடும்வரை
நின்று பார்த்தேன்.

இன்றைக்கு மூன்றாவது தடவை கீழே போகிறேன்.
கையில் குப்பைக்கூடை.
காலி.

ஃபோன் இரவுதோறும் நினைவூட்டுகிறது:
உங்கள் பதிவு முழுமையடையவில்லை.
அவனுடைய திரையிலும்
நான் ஒரு வட்டமாக வந்திருப்பேனோ.
படம் எதுவும் போடவில்லை:
சாம்பல் நிறத்தில் ஒரு தலை, இரண்டு தோள்,
பெயர், பிறந்த ஆண்டு.

ஆண்டு தப்பு என்று
அவனுக்குத் தெரியும்.